ஐம்பதில் வளைய வேண்டாம், தாங்கினால் போதும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்கிறவர்கள் யாரும் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. வளையாது என்று தீர்மானித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். இருபது வருடம் கழித்துப் பேட்மிண்டன் மட்டையைத் தூசி தட்டி எடுக்கிறவரிடம் இதைச் சொல்கிறார்கள். சின்ன வயதோடு நின்றுபோன பிரார்த்தனையை மறுபடி தொடங்கலாமா என்று யோசிக்கிறவரிடமும் இதையேதான் சொல்கிறார்கள். இந்த இரண்டு யோசனைகளும் ஓர் ஆணுக்குப் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வருகின்றன. பிள்ளைகள் கையை விட்டுத் தனியே நடக்கத் தொடங்கியிருப்பார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் முதல்முறையாக ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி விழுந்திருக்கும். பெற்றோரில் ஒருவர் போயிருப்பார். இனியாவது உடம்பையும் மனத்தையும் கவனிக்க வேண்டும் என்று தோன்றும்போது அவர் புதிதாக எதையும் தேடுவதில்லை. பாதியில் விட்டதைத்தான் தேடிப் போகிறார். பதினாறு வயதில் ஆடிய ஆட்டம், பத்து வயதில் சொன்ன பிரார்த்தனை.

இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், மூன்றாவது நான்காவது வாரத்தில், தடுக்கி விழுகின்றன. விடாமல் நச்சரிக்கும் விஷயம் இதுதான். விழுவதைப் பார்த்ததும் பழமொழி ஜெயித்துவிட்டதாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், விழுந்தவர் உட்பட. ஆனால் எதனால் விழுந்தார் என்று உடம்பின் பக்கமிருந்து நிதானமாகப் பார்த்தால், பழமொழி பாதி உண்மை என்று தெரிகிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் அதுவே பெரிய உதவி. அதைப் பார்க்கச் சரியான இடம் குதிகாலுக்குப் பின்னால் விரலால் பிடித்துப் பார்க்க முடிகிற அந்தக் கெட்டியான கயிறு.

மூன்றாவது வாரத்தில் நடப்பது

பேச்சில் அதைக் குதிகால் நரம்பு என்கிறோம். அது நரம்பு இல்லை. ஆடுசதையைக் குதிகால் எலும்போடு சேர்த்துக் கட்டும் தசைநாண். அக்கிலிஸ் நாண் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நீளம் சுமார் 15 செ.மீ. உடம்பில் உள்ள நாண்களிலேயே தடிமனும் வலுவும் இதற்குத்தான் அதிகம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு விசை இதன் வழியே கடக்கிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது கிட்டத்தட்ட அரை டன். இவ்வளவு சுமக்கும் இந்த நாணில், குதிகால் எலும்புக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மறுபடி ஆடத் தொடங்கும்போது இதயமும் தசையும் வேகமாகத் திரும்பி வருகின்றன. முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, மூச்சு வாங்குவது குறைந்துவிடும். பழகிய அசைவுகளை மூளை மறந்திருக்காது; தசைகளும் அதன் கட்டளைக்குச் சட்டென்று இசைந்துவிடும். ஆகவே மூன்றாவது வாரத்தில் அந்த மனிதருக்குத் தான் பழைய ஆள் ஆகிவிட்டோம் என்று தோன்றுகிறது. அந்த உணர்வு பொய்யில்லை. இதயத்துக்கும் தொடைக்கும் அது உண்மைதான். நாணுக்கு மட்டும் அது உண்மையில்லை. நாணின் கணக்கு மாதக்கணக்கு. இதயம் அனுமதிக்கும் வேகத்தை நாண் தாங்கப் பழகியிருக்காது. இந்த இடைவெளியில்தான் நடுவயது ஆட்டக்காரர்கள் அடிபடுகிறார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாணுக்குப் பளு கொடுத்ததும் அதில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளில் சிதைவும் கட்டுமானமும் ஒரே சமயத்தில் கூடுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவுதான் மிஞ்சி நிற்கும். அதற்குப் பிறகே கட்டுமானம் முந்துகிறது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு ஞாயிறு காலையும் களத்துக்குப் போகிறவர், கட்ட வந்தவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டாவது முறை இடிக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் நாற்காலி, இரண்டு நாள் ஆட்டம் என்ற ஏற்பாடு நாணுக்கு இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. அதே ஆட்டத்தைச் செவ்வாய், வெள்ளி என்று பிரித்தால் கட்டுமானத்துக்கு நேரம் கிடைக்கும்.

அக்கிலிஸ் நாண் முழுதாக அறுவது 30 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆண்களிடம்தான் அதிகம். நின்று, திடீரென்று பாய்ந்து, மறுபடி நிற்கும் ஆட்டங்களில் நடக்கிறது: பேட்மிண்டன், டென்னிஸ், கால்பந்து, கூடைப்பந்து. பலருக்கு அதற்கு முன் வலியே இருந்திருக்காது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். 'பட்' என்ற சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கலாம். விரல்களை மடக்கவும் பாதத்தை ஓரளவு அசைக்கவும் முடிவதால் வெறும் சுளுக்கு என்று நினைத்து வீட்டுக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. விரல்களை இழுப்பது வேறு நாண்கள் என்பதால் அந்த அசைவு எதையும் நிரூபிக்காது. குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, ஆடுசதையைக் கையால் அமுக்கிப் பார்க்கவேண்டும். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. அசையவில்லை என்றால் அந்தக் காலை ஊன்றாமல், அன்றோ மறுநாளோ எலும்பு மருத்துவரிடம் போய்விடவேண்டும். அறுவை சிகிச்சையா, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பூட் மாட்டி ஆறவிடுவதா என்பதை அவர் தீர்மானிப்பார். எந்த வழியானாலும் ஆட்டத்துக்குத் திரும்பப் பொதுவாக 9 முதல் 12 மாதம் ஆகும்.

மருந்துகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இவற்றின் உறையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ இவற்றில் ஒன்றை எடுத்தவர், மாத்திரை தீர்ந்த மறுநாள் களத்தில் இறங்கக்கூடாது. எப்போது இறங்கலாம் என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கவேண்டும். கூடவே ஸ்டீராய்டும் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நாணின் தரம் குறைந்திருக்கலாம்.

உள்ளே நிற்கும் காலம்

1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு சோதனைகள் அடங்கி, மெல்லமெல்ல இறங்கியது. அந்த ஏற்றமும் இறக்கமும் அப்போது வாழ்ந்த எல்லோருடைய உடம்பிலும் பதிந்திருக்கிறது. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டுகளில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையில் அக்கிலிஸ் நாணின் நடுப்பகுதியை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மனிதரின் முதல் 17 ஆண்டுகளுக்குள் உருவான நாணின் கரு, அதாவது அந்த நடுப்பகுதி, அதற்குப் பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. அதே உடம்பின் தசை தொடர்ந்து புதிதாகிக்கொண்டே இருந்தது. நாணின் கரு அப்படியே நின்றது.

யோசித்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும் செய்தி இது. ஐம்பது வயது மனிதர் மாடிப்படி ஏறும்போது அவரைத் தாங்குவது அவருடைய பள்ளிக்கால ஓட்டத்தில் முறுக்கப்பட்ட கயிறு. அந்த வயதுக்குள் அங்கே எது போடப்பட்டதோ அதுதான் இன்றைக்கும் இருக்கிறது. பழமொழி சொல்வது இந்த அளவுக்கு உண்மை. பிரார்த்தனையிலும் இதைப் பார்க்க முடிகிறது. முப்பது வருடம் கடவுளை நினைக்காதவர்கூட மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வாயில் வருவது அவரே யோசித்துத் தேர்ந்த சொற்களாக இருப்பதில்லை. குழந்தையாக இருந்தபோது மடியில் உட்காரவைத்து யாரோ சொல்லிக்கொடுத்த வரிதான் வருகிறது. அர்த்தம் முழுதாகத் தெரியாத வரியாகவும் இருக்கலாம். அது கரு. அதைப் புதுப்பிக்கவும் முடியாது, பிடுங்கி எறியவும் முடியாது.

அப்படியானால் நடுவயதில் செய்வதற்கு என்ன மிச்சம்? உடம்பு தரும் பதில் எனக்கு மிகவும் நிறைவு தருகிறது. நலிந்த அக்கிலிஸ் நாணை ஸ்கேனில் பார்த்தால் உள்ளே இழைகள் ஒழுங்கு குலைந்த ஒரு பகுதி தெரியும். பயிற்சி செய்து வலி முற்றிலும் நின்றபிறகும் பலருக்கு அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது. ஆனால் நாண் மொத்தத்தில் தடித்திருக்கும். குலைந்த பகுதியைச் சுற்றி, ஒழுங்காக அடுக்கப்பட்ட இழைகள் சாதாரண நாணில் இருக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ இருக்கின்றன. பழுதை மாற்ற முடியாத உடம்பு, பழுதைச் சுற்றிப் பளு தாங்குகிற அளவுக்குக் கட்டிக்கொள்கிறது. அதற்குத் தேவையானது வளைப்பதும் இழுப்பதும் என்று நினைத்துக் குதிகாலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நீட்டிக்கொண்டே இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நீட்டல் தற்காலிகமாக இதமாக இருக்கும், நாணை மாற்றாது. நாணை மாற்றுவது பளு. மெதுவான, கனமான, பல மாதம் தொடர்கிற பளு.

படிக்கட்டு விளிம்பில்

இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன், சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் நாணில் வலி. அறுவை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் கேட்டு, மறுக்கப்பட்டதும், நாண் இன்னும் மோசமானால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று வேண்டுமென்றே அதன்மேல் பளு ஏற்றத் தொடங்கினார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. வலி குறைந்தது. பிறகு அறுவைக்குக் காத்திருந்த 15 பேருக்கு அதே பயிற்சியைக் கொடுத்து 1998இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களுடைய சராசரி வயது 44. பன்னிரண்டு வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள்.

செய்முறை எளியது. படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். நல்ல காலால் எம்பி உயருங்கள். எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்குங்கள். மறுபடி மேலே வர நல்ல காலையே பயன்படுத்துங்கள். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் 3 செட். முழங்காலைச் சற்று மடக்கி 15 முறை வீதம் 3 செட். இது ஆடுசதையின் உள்தசைக்கு. காலையும் மாலையும், வாரத்தில் ஏழு நாளும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180. மொத்தம் 15,120 இறக்கங்கள். வலியில்லாமல் செய்ய முடிகிறது என்றால் முதுகுப்பையில் 5 கிலோ வைத்துக்கொள்ளவேண்டும். வலி நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படி கூடாது. தரையில் நின்று, குதிகால் தரைமட்டத்தோடு நின்றுவிடவேண்டும். கீழே இறக்கினால் நாண் எலும்பில் அழுந்தி வலி கூடும்.

பிற்பாடு வந்த ஆய்வுகள் இதைத் தளர்த்தின. வாரத்தில் மூன்று நாள், அதிக எடையோடு, ஏற 3 விநாடி இறங்க 3 விநாடி என்று நிதானமாகச் செய்தாலும் பலன் அதேதான் என்று 2015இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. நேரமில்லாதவர்களுக்கு இதுவே நல்லது. இதுவரை வலி எதுவும் இல்லாமல், ஆட்டத்துக்குத் திரும்ப மட்டும் விரும்புகிறவருக்கும் இந்த மூன்று நாள் முறைதான் பொருந்தும். ஒற்றைக் காலில், சுவரைத் தொடாமல், முழு உயரத்துக்கு நிதானமாக எம்பி இறங்குவதை 20 முறை செய்ய முடிந்தபிறகு களத்தில் இறங்குங்கள். பலர் 9, 10இல் நின்றுவிடுவார்கள். எண்ணிக்கை வராவிட்டால் நாண் தயாராக இல்லை, அவ்வளவுதான். மூச்சு வாங்காமல் மூன்று கிலோமீட்டர் ஓட முடிகிறது என்பதெல்லாம் அதற்கு ஈடாகாது.

இதில் எங்கே தவறுகிறார்கள் என்றால், இறக்கும்போது அவசரப்படுகிறார்கள், தொப்பென்று விழுகிறார்கள். அல்லது பெருவிரல் பக்கத்திலிருந்து எடையை எடுத்துவிட்டுப் பாதத்தை வெளிப்புறம் சாய்க்கிறார்கள். மூன்றாவது வாரம் லேசாக வலித்ததும் நிறுத்தியே விடுகிறார்கள். வலிக்கு ஓர் அளவுகோல் உண்டு: 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் 5 வரை போகலாம். மறுநாள் காலை அது அடங்கியிருக்கவேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது. வலியே இல்லாமல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் போதுமான பளுவை எட்டமாட்டார். முழு ஓய்வு எடுத்தால் நாண் இன்னும் தளரும்.

பிரார்த்தனைக்கும் பளு உண்டு

இவ்வளவையும் சொல்வது பிரார்த்தனைக்கு வருவதற்காகத்தான். திரும்பி வருகிறவர் அங்கேயும் மூன்றாவது வாரத்தில்தான் நின்றுவிடுகிறார், காரணமும் அதே சாயலில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒரு நெகிழ்ச்சி இருக்கும். கண் கலங்கும். பழைய வரிகள் வாயில் வரும்போது வீடு திரும்பியதுபோல் இருக்கும். இது வேகமாக வரும் பகுதி, இதயமும் மூச்சும் திரும்புவதுபோல. அதை நம்பி அவர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று முடிவெடுத்துவிடுகிறார். விடியற்காலை எழுவது, பாராயணம், நோன்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தோளில் ஏற்றிக்கொள்கிறார். மூன்றாவது வாரம் நெகிழ்ச்சி வற்றுகிறது. வெறும் சொற்கள். நான் பொய்யாகச் செய்கிறேனோ என்ற சந்தேகம். நேர்மையான மனிதர் என்றால் அந்தச் சந்தேகத்திலேயே நிறுத்திவிடுவார்.

நெகிழ்ச்சி வற்றுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தொடக்க அளவு சிறியதாக இருக்கவேண்டும்: ஐந்து நிமிடம், ஒரே இடம், ஒரே வரி. கடிகார நேரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவைப்பது நல்லது. பல் துலக்கியதும், அல்லது இரவு விளக்கை அணைக்கும் முன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் அச்சான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு முக்கியம். நடுவயதில் நாள்கள் தவறத்தான் செய்யும்; பயணம், பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம். ஒரு நாள் தவறியதும் 'நமக்கு இது வராது' என்று மூட்டை கட்டுவதுதான் குலைக்கிறது. ஐந்து நிமிடம் இரண்டு மாதம் நின்றால் பத்தாக்கலாம். சந்தேகம் உள்ளே இருக்கட்டும். ஸ்கேனில் தெரியும் அந்தக் குலைந்த பகுதி வலி நின்றபிறகும் அங்கேயே இருப்பதுபோல அதுவும் இருக்கலாம். சுற்றி இருப்பது தாங்கும்.

கடவுளோடு பேரம் பேசுவது வேறு விஷயம். 1910களில் பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் புரோனிஸ்லா மலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது அங்குள்ளவர்கள் மந்திரச் சடங்கு செய்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போது விரிவாகச் செய்தார்கள். ஆட்டக்காரர்கள் பழைய சட்டையையே போட்டுக்கொள்வதும் கோட்டை மிதிக்காமல் தாண்டுவதும் இந்தக் கடல்பக்கத்தைச் சேர்ந்தவை. அதை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பயந்தவர் எதையாவது பற்றிக்கொள்வார். ஆனால் முடிவைக் கேட்கும் பிரார்த்தனை முடிவு மாறினால் அறுந்துவிடும். நடுவயதில் முடிவுகள் அடிக்கடி மாறுகின்றன.

உடம்பும் வழிபாடும் நேராகச் சந்திக்கும் இடமும் உண்டு: தரை. மண்டியிடவும், தரையில் உட்காரவும், நெற்றி தரையில் பட வணங்கவும் கணுக்கால் மடங்கவேண்டும், ஆடுசதையின் உள்தசை தாங்கவேண்டும். 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான பிரேசில் ஆய்வில், தரையில் உட்கார்ந்து எழுவதற்கு 10 மதிப்பெண் வைத்தார்கள்: உட்கார 5, எழ 5. கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று கழியும், தள்ளாடினால் அரை. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. தினமும் தரைக்குப் போய் எழும் வழிபாடு கொண்டவர்கள் அறியாமலே இந்தப் பயிற்சியைச் செய்கிறார்கள். முழங்கால் வலியால் நாற்காலிக்கு மாறியவர்கள், மருத்துவர் தடுக்காதவரை, நாளுக்கு இரண்டு முறையாவது கைப்பிடித்துத் தரைக்குப் போய்வரலாம்.

இருபத்திரண்டும் நாற்பத்து மூன்றும்

நம்பிக்கையும் விளையாட்டும் என்றால் எல்லோருக்கும் நினைவு வருகிறவர் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கடவுளுக்குரிய நாள் என்று நம்பிய லிடெல் ஓடவில்லை. கடைசி நிமிடத்தில் எடுத்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். பந்தய அட்டவணை பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களில் அவர் 400 மீட்டருக்காகத் தன் உடம்பைத் தயார்செய்தார். ஜூலை 11 அன்று 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அப்போது வயது 22. இந்தப் பகுதி அதிகம் பேசப்பட்டுவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த பகுதி. மறு ஆண்டே சீனாவுக்குப் போய் ஆசிரியராகவும் கிறிஸ்தவ ஊழியராகவும் இருந்தார். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்து அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆட, நடுவர் இல்லாமல் அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் களத்தில் வந்து நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றை, முகாமில் அடைபட்ட பிள்ளைகளின் ஹாக்கிக்காகக் கொடுத்தார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதம் முன், மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43.

அவர் வளைந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறுவனாக இருந்தபோது அவருக்குள் போடப்பட்ட கரு நாற்பத்து மூன்றிலும் அதுவேதான். ஞாயிறு அவருக்குப் புனிதமாகவே இருந்தது. அதைச் சுற்றி இருபது வருடமாகக் கட்டியெழுப்பியது அந்தப் பிள்ளைகளின் சுமையைத் தாங்கும் அளவுக்குத் தடித்திருந்தது. இருபத்திரண்டில் அவர் அதைச் செய்திருந்தால் அறுந்திருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது.

களத்துக்குத் திரும்பும்போது

முதல் நான்கு வாரம் மட்டையைத் தொடவேண்டாம். எம்பி இறங்கும் பயிற்சி வாரம் மூன்று நாள், வேகநடை தினமும் 30 நிமிடம். ஐந்தாவது வாரத்திலிருந்து இரட்டையர் ஆட்டம் மட்டும், வாரத்துக்கு இரண்டு முறை, 30 நிமிடம், இடையில் குறைந்தது 48 மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கூட்டலாம். ஒற்றையர் ஆட்டம் பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகு. ஆட்டத்துக்கு முன் 12 நிமிடம் ஒதுக்குங்கள்: மெல்லோட்டம் 5 நிமிடம், எம்பி இறங்குதல் 15, கயிறில்லாமல் 30 விநாடி குதித்தல் இரண்டு முறை, பக்கவாட்டில் நகர்தல், பிறகு அரைவேகத்தில் பந்து பரிமாற்றம். மெத்தென்ற ஓட்டக் காலணியிலிருந்து தட்டையான உள்ளரங்கக் காலணிக்கு ஒரே நாளில் மாறவேண்டாம். குதிகால் உயரம் ஒரு செ.மீ. குறைந்தாலே நாணுக்குப் பளு கூடும். பயிற்சியையும் ஆட்டத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஓய்வு நாள் முழு ஓய்வாகும். நெஞ்சு அடைப்பு, இடது கை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் அந்தப் புள்ளியிலேயே நிறுத்தி மருத்துவ உதவி தேடவேண்டும். நாற்பதைத் தாண்டியவர், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடவேண்டும்.

ஆடிய மறுநாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். குதிகால் லேசாக விறைத்திருந்து ஐந்து பத்து நிமிடத்தில் இளகினால் அளவு சரியாக இருக்கிறது. அரை மணி நேரம் கழித்தும் நொண்டினால் அடுத்த ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், பயிற்சியை நிறுத்தவேண்டாம். பல் துலக்கும் இடம் வரை அந்தப் பத்து அடி போதும். அது முடிந்ததும் அந்த ஐந்து நிமிடம்.